கசக்கற விபூதி

அவசரப்படாதப்பா, குடுக்கறேன். குடுக்காமயா அனுப்பப் போறேன். செங்கம் பஸ்ஸு உனக்கு ரெண்டரைக்குத்தானே, இப்ப மணி பன்னண்டுகூட ஆவல. பாப்பாவ அப்படியே பாய் மேல படுக்க வை. எழுப்பாத, தூங்கட்டும். பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடந்தா வந்துச்சு? தூக்கினு வந்தியா? ஏழு வயசுப் பொண்ண இந்த வெயில்ல இவ்ளோ தூரம் தோள்ல போட்டுனு வந்திருக்க. நாலு அடி வெச்சா மேல்மூச்சு வாங்குதுங்கற. சரி. நீ மொதல்ல தண்ணி குடி. மூலையில பானை இருக்குது பாரு.

அந்தப் பாவாடைய கொஞ்சம் மேல தள்ளு. முட்டிக்குக் கீழ. ம். இது எப்பலேர்ந்து இருக்குது? விழுந்துச்சா? விழல. யாரும் அடிக்கல. தானாவே நீலம் பூத்திருக்குது. காத்து கருப்பு கிள்ளிட்டுப் போயிருக்குதுன்னு உங்கம்மா சொல்றாங்களா? சொல்லுவாங்க. எங்க வீட்லயும் அப்படித்தான் சொன்னாங்க.

பல்லு வெளக்கறப்ப ரத்தம் வருதா? தெரியலன்னா எப்படி, பெத்தவன்தானே நீ. நல்லா ரோசனை பண்ணிச் சொல்லு. தலகாணியில கறை இருந்துச்சா. ம். சரி, சரி. சும்மாதான் கேட்டேன்.

சாமி சாமின்னு கூப்புடாதப்பா. அந்தப் பேரு இந்தக் கொட்டாய்க்கு உண்டானது. எம்பேரு சகாதேவன். இந்தத் தாடி, காவித்துணி எல்லாம் மூணு வருஷமா வந்தது. அதுக்கு முன்னால பதினெட்டு வருஷம் தேரடித் தெருவுல ஒரு மருந்துக்கடையில நின்னவன். உம்பேரு என்ன சொன்ன, அர்ஜுனனா? நல்லதாப் போச்சு, பேருக்கு அண்ணந்தம்பி ஆயிட்டோம். கதையில நாந்தான் தம்பி, ஆனா வயசுல மூத்தவன், அப்ப அண்ணன் பேச்சுன்னு கொஞ்சம் கேளு. அவசரந்தான், தெரியுது. ஆனா நான் சொல்றதக் கேட்டுட்டுப் போனாத்தான் நான் குடுக்கறது வேலை செய்யும். அப்படி வெச்சுக்கோ.

மருந்துக்கடைன்னா என்னா நெனைக்கற? டாக்டர் சீட்டு எழுதுவாரு, நாம எடுத்துக் குடுப்போம்னா? பத்துப் பேரு வந்தா சீட்டோட வர்றது ரெண்டு பேரு. மீதிப் பேரு கலரு சொல்லித்தான் கேப்பாங்க. செகப்பும் கறுப்பும் சேந்த கேப்சூல் ரெண்டு குடு. மஞ்சள் ஒன்னு குடு. போன தபா குடுத்தியே வெள்ளை, அதுல நாலு. சளியா, பேதியா, பல்லு வீக்கமா, எல்லாத்துக்கும் அதுதான். ரெண்டு முழுங்கி காய்ச்சல் விட்டுச்சுன்னா மீதிய சாமி மாடத்துல பத்திரமா எடுத்து வெச்சுருவாங்க. பக்கத்து வீட்டுல யாருக்காச்சும் காய்ச்சல்னா அதுலேர்ந்து ஒன்னு குடுப்பாங்க, தயிருக்கு ஒற குடுக்கற மாதிரி.

வேங்கிக்கால்லேர்ந்து இருசப்பன்னு ஒரு ஆளு வருவான். அவன் மாட்டுக்குக் கழுத்துல நொகத்தடிப் புண்ணு. கேப்சூலப் பிரிச்சு பொடிய அந்தப் புண்ணு மேல தூவுவான். ஒரு நா வந்தான், சகாதேவா, மாட்டுக்கு ஆறிப்போச்சு, மீதி ரெண்டு இருந்துச்சு, மாமியா வயித்து வலின்னு சொன்னாங்க, குடுத்துட்டேன், மாடே தாங்கிச்சே அவங்களுக்கு என்னான்னான். கடையே சிரிச்சுது. மொதலாளி சிரிச்சு சிரிச்சு கண்ணத் தொடச்சினு இருந்தாரு. நானுந்தான் சிரிச்சேன். யாரும் அவன ஒரு வார்த்த கேக்கல. கேக்கறதுக்கு அதுல ஒன்னும் இருக்கறதா எங்களுக்குத் தோணல. சகாதேவன் கையால வாங்கினா ராசின்னு எனக்கு ஒரு பேரு வேற.

சிரிக்கற பாரு. சிரி, சிரி.

இந்தக் கொட்டாய் மண்ணாங்கட்டி சாமியோடது. அவருக்கு முன்னால பொறந்ததெல்லாம் தங்கல, இதாவது எமன் கண்ணுல படக்கூடாதுன்னு பெத்தவங்க வெச்ச பேரு. சாமியாரா ஆனப்பறமும் அத மாத்திக்கல. மலை சுத்தற பாதையில நாப்பது வருஷம் இதே எடத்துல உக்காந்திருந்தாரு. வர்றவங்களுக்கு ஒரு சிட்டிகை விபூதி, ஒரு சொம்பு தண்ணி. குறி சொல்றது, மந்திரிக்கறது எதுவும் கெடையாது. அவரப் பாத்தா எனக்கு மனசு அடங்கும். கடை விட்டதும் நேரா இங்க வந்துருவேன். சாம்பல வேட்டித் துணியில சலிச்சு, பொட்டலம் மடிச்சு வெப்பேன். மருந்துக்கடைக்காரன் மடிச்ச பொட்டலம், காத்துக்குக்கூட பிரியாது.

எழுவத்தெட்டுல ஒரு கோடை. ஊர்ப்பட்ட டைபாய்டு. அப்ப அப்பாதுரைன்னு ஒருத்தரக் கயித்துக் கட்டில்ல வெச்சுத் தூக்கினு வந்தாங்க. அந்த ஆளோட அண்ணன் காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போயி பொணமாத்தான் திரும்பினாராம். அதுலேர்ந்து மாத்திரைன்னா வாய இறுக்க மூடிக்குவாரு. அண்ணாமலையார் விபூதி மட்டுந்தான் உள்ள போவும்னு கற்பூரம் அடிச்சு சத்தியமே பண்ணியிருக்காரு. கண்ணு உள்ள போயி, நாக்கு வெடிச்சு, இன்னிக்கோ நாளைக்கோன்னு கெடக்கறாரு. அந்தக் காய்ச்சலுக்கு எது கேக்கும்னு எனக்குத் தெரியும். எங்க கடை அலமாரியில மூணாவது தட்டுல இருக்குது. கம்பெனிக்காரங்க சாம்பிளுக்குக் குடுத்துட்டுப் போனது, சும்மா கெடக்குது. மாத்திரைன்னா முழுங்க மாட்டாரு, விபூதின்னா வாயத் தொறக்கறாரு. நீயா இருந்தா என்னா பண்ணுவ?

அதத்தான் நானும் பண்ணேன்.

கேப்சூலப் பிரிச்சுக் கொட்டி, விபூதியோட கலந்து, வேளைக்கு ஒன்னுன்னு மடிச்சேன். தேன்ல கொழச்சுக் குடுங்க, சாமி உத்தரவுன்னு சொல்லி அனுப்புனேன். சாமிக்குத் தெரியாது. பதினஞ்சு நாள் கழிச்சு அந்த ஆளு தானா நடந்து வந்து இதோ இந்த எடத்துல விழுந்து கும்புட்டாரு.

ஏன் அப்படிப் பாக்கற? பொழச்சுட்டாருப்பா. இன்னும் இருக்காரு. இப்ப நீ வாங்கினு போறதுலயும் அது இருக்குதான்னு கேக்கற. வரேன், அதுக்குத்தான் வரேன். உக்காரு. நீ எழுந்தா பாப்பா முழிச்சுக்கும்.

யாரு அது? ம்மா, கொஞ்சம் வெளியில நெழல்ல உக்காருங்க. இவங்க போனதும் கூப்புடறேன்.

அந்தப் பொடி கசப்புன்னா அப்படி ஒரு கசப்பு. தேனுக்கெல்லாம் அடங்காது. அப்பாதுரை சும்மா இருக்கல, மண்ணாங்கட்டி சாமி விபூதி கசக்குது, மலை மேல இருக்குற மூலிகைச் சாரமெல்லாம் அதுல எறங்கியிருக்குதுன்னு போற எடமெல்லாம் சொல்லிட்டாரு. மறுவாரம் முப்பது பேரு வந்து நிக்கறாங்க. நாக்குல வெச்சுப் பாக்கறாங்க, கசக்கல. கசக்கற விபூதி எங்கன்னு கேக்கறாங்க. சாமி ஒன்னும் புரியாம எம்மூஞ்சப் பாக்கறாரு. நான் மறுநா ஒரு கை கலந்தேன். ஜாஸ்தி இல்ல, கசக்கற அளவுக்கு. சாமி ஒரு சிட்டிகை எடுத்து வாயில போட்டாரு. போட்டவரு அப்படியே உக்காந்துட்டாரு. கண்ணுலேர்ந்து தண்ணி வழியுது. நாப்பது வருஷமா உக்காந்திருந்தேன்டா சகாதேவா, இன்னிக்குத்தான் என்னைத் திரும்பிப் பாத்திருக்காருன்னாரு.

அவருகிட்ட எப்படிச் சொல்றது? நீயே சொல்லு.

அப்பால அது பாட்டுக்கு நடந்துச்சு. எதிர்க்க ஒருத்தன் வேப்பிலைய அரைச்சுக் காயவெச்சுக் கலந்து, இங்கயும் கசக்கற விபூதின்னு கடை விரிச்சான். ஜனங்க ஒரு வாய் வெச்சுட்டுத் துப்பினு போயிட்டாங்க. வேப்பங்கசப்பு தெரியாதா நம்ம ஆளுங்களுக்கு? கேப்சூலுக்குப் பஞ்சமே வரல. சாம்பிள் இருந்துச்சு. தேதி முடிஞ்சுது தூக்கிப் போடுன்னு மொதலாளி சொன்னது இருந்துச்சு. பத்தாததுக்கு வேற கடையில கேட்டா எடுத்துக் குடுத்தாங்க. எவனும் சீட்டு கேக்கல. ஒருத்தன், ஒரே ஒருத்தன் எதுக்குய்யா இத்தினின்னு கேட்டிருக்கலாம்.

எம்பொண்டாட்டி பேரு வேதா. மாத்திரையே தொட மாட்டா. மருந்துக்கடைக்காரன் பொண்டாட்டிக்குக் கஷாயந்தான் ஆவும்னு தெருவுல கிண்டல் பண்ணுவாங்க. சாமி விபூதி மேல அவளுக்கு அவ்ளோ நம்பிக்க. காலையில குளிச்சதும் நாக்குல ஒரு சிட்டிகை. ஒன்றரை வருஷம், ஒரு நா தவறாம. நான் எதிர்க்கவே உக்காந்து காபி குடிச்சினு இருப்பேன். சொல்லியிருக்கலாம். சொன்னா சாமிகிட்ட போயி நிப்பாளோன்னு பயம் ஒரு பக்கம். அதவிட, மருந்துதானே, ஒடம்புக்கு நல்லதுதானேன்னு நெனச்சேன். நோயே வராம காக்கும்னு உள்ளுக்குள்ள ஒரு பெருமகூட. பதினெட்டு வருஷம் கடையில நின்ன புத்தி அவ்ளோதான்.

தீபத்துக்கு மொத நா வளையல்காரன் வந்தான். அவ கையப் புடிச்சு அமுக்கி வளையல் ஏத்துனான். மறுநா காலையில பாக்கறேன், மணிக்கட்டுல அவன் அஞ்சு வெரலும் நீலமா பதிஞ்சு இருக்குது. அழிக்க அழிக்கப் போவல. அவ சிரிக்கறா, பாத்தியா, எவ்ளோ முரட்டுக் கைன்னு. பத்து நாள்ல கால்ல வந்துச்சு. தொட்ட எடமெல்லாம் வந்துச்சு. ஈறுல ரத்தம். நகத்த அமுக்கினா வெள்ளையாவே நிக்குது, செகப்பு திரும்ப மாட்டேங்குது. இரு, பாப்பா கையக் குடு. ... ம். மூடி விடு.

வேலூரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போனேன். ஒரு லேடி டாக்டர். ரொம்பப் பொறுமை. இடுப்பு எலும்புல ஊசி குத்தி எடுத்துப் பாத்தாங்க. எலும்புக்குள்ளதான் ரத்தம் ஊறுதாம்ப்பா. கெணத்துல ஊத்துக்கண்ணு தூந்துபோற மாதிரி இவங்களுக்குத் தூந்துபோயிருக்குன்னாங்க. சில மாத்திரையால அப்படி ஆவும், பல ஆயிரம் பேருல ஒருத்தருக்கு, யாருக்குன்னு முன்கூட்டித் தெரியாதுன்னாங்க. எந்த மாத்திரைன்னு தெரிஞ்சு ஒடனே நிறுத்தினா, ரத்தம் ஏத்தி ஏத்தி, சில பேரத் தேத்தியிருக்கோம்னாங்க. அப்பறம் வேதாவப் பாத்து, காய்ச்சலுக்கு, எதுக்காச்சும் கேப்சூல் ஏதாவது சாப்புட்டியாம்மா, பேரு தெரியாட்டியும் பரவால்ல, கலரு சொல்லுன்னாங்க.

அவ என்னா சொன்னா தெரியுமா? நான் பொறந்ததுலேர்ந்து மாத்திரையே தொட்டதில்லீங்க டாக்டர், எங்க சாமி விபூதி மட்டுந்தான்னா. கழுத்த நிமுத்தி, பெருமையாச் சொன்னா.

டாக்டர் என்னைப் பாத்தாங்க. நீங்க மருந்துக்கடையிலதானே இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாம இருக்காதே, நல்லா நெனச்சுப் பாருங்கன்னாங்க. மறுநா ஒரு தபா கேட்டாங்க. அதுக்கு மறுநாளும் கேட்டாங்க. எனக்கு அதோட பேரு தெரியும். கம்பெனி தெரியும். தட்டு தெரியும். எம்மாமியா பக்கத்துல நிக்கறாங்க, வேதா என்னையே பாத்துனு படுத்திருக்கா. இல்லீங்க டாக்டர், ஒன்னும் குடுக்கலன்னு சொன்னேன். அவங்க அத எழுதிக்கினாங்க.

வீட்டுக்குக் கூட்டினு வந்தப்பறம் அவ விபூதி கேட்டா. நான் கலக்காததாக் குடுத்தேன், வெறும் சாம்பல். நாக்குல வெச்சா. ரொம்ப நேரம் அப்படியே வெச்சினு இருந்தா. கசக்கலயேன்னா. என்னங்க, கசக்கல, சாமி என்னைக் கைவிட்டுடுச்சான்னு கேட்டா. ஒரு நா பூரா செவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துனு இருந்தா. சோறு தொடல. மறுநா காலையில நான் பழையபடி கலந்து குடுத்தேன். கசப்புல மூஞ்சச் சுளிச்சினே சிரிச்சா.

நாலாம் நாள் போயிட்டா.

அழுவலப்பா. கண்ணுல சாம்பல் பட்டுடுச்சு.

அதே வருஷம் சாமியும் போயிட்டாரு. கடைசி வரைக்கும் அண்ணாமலையார் தன்னைப் பாத்துட்டாருன்னே நெனச்சினு போனாரு. ஜனங்க என்னை இங்க உக்கார வெச்சாங்க. பொண்டாட்டி போனதும் பத்து பாசம் அத்துப்போச்சு, அவரு கூடவே இருந்தவருன்னு. நான் அன்னிக்கே கலக்கறத நிறுத்தியிருக்கலாமேன்னு கேக்கற, தெரியுது. நிறுத்தினா அவ அதுலதான் செத்தான்னு நானே எனக்கு ஒத்துக்கற மாதிரி. நிறுத்தாத வரைக்கும் அது வேற எதோ நோவு, எழுத்து, விதி. அப்பறம் நான் ஒன்னு ரோசனை பண்ணேன் பாரு. பல ஆயிரம் பேருல ஒருத்தருக்குத்தானே அப்படி ஆவும்னு டாக்டர் சொன்னாங்க? அந்த ஒருத்தி எங்க வீட்லயே முடிஞ்சுட்டா. இனிமே மத்தவங்களுக்கு வராதுன்னு நெனச்சேன். மெய்யாலுமே அப்படித்தான் நெனச்சேன்ப்பா. தெனம் அதச் சொல்லினேதான் கலந்தேன்.

உம்பொண்ணு கார்த்திகையிலேர்ந்து வருது. மொதல்ல அடிக்கடி சளின்னு கூட்டினு வந்த. அப்பால சளி இல்லாதப்பவும் வாங்கினு போன. இது ஆடி. எட்டு மாசம் ஆச்சு.

இரு. கொழந்தையத் தூக்கறதுக்கு முன்னால இதக் கையில புடி. பொட்டலந்தான், பயப்படாத, இதுல விபூதி இல்ல. சீட்டு. மாத்திரை பேரு எழுதியிருக்கேன், ஒரு பொட்டலத்துல எவ்ளோ, எத்தினி மாசம், எல்லாம் இருக்குது. எம்பேரும் இந்த எடமும் கீழ இருக்குது. செங்கம் பஸ்ல ஏறாத. வேலூரு பஸ்ஸு பன்னண்டே முக்காலுக்கு, ஓடினா புடிச்சுருவ. டாக்டர் என்னா மருந்து குடுத்தீங்கன்னு கேப்பாங்க. சாமி விபூதின்னு சொல்லாத. இதக் குடு.

சட்டைய விடு. அடிக்கறதுன்னா அப்பறம் வந்து அடி, நான் எங்கயும் போவமாட்டேன். இப்ப பஸ்ஸு போயிடும். அக்குள்ல அமுக்கித் தூக்காதப்பா, நீலம் வந்துரும். கைய அடியில குடுத்துத் தூக்கு. அப்படித்தான்.

போறப்ப வெளியில இருக்குற அந்த அம்மாவ உள்ள வரச் சொல்லு. மருமகளக் கூட்டினு வந்திருக்காங்க. முழுகாம இருக்குது அந்தப் பொண்ணு. அதுவும் தீபத்துலேர்ந்து விபூதி வாங்கினு போவுது.

இன்னொன்னு. சீட்டு மேல போன மாசத்துத் தேதி இருக்கும். டாக்டர் கேட்டா, தப்பா எழுதல, அதான் தேதின்னு சொல்லு. போன தபா நீ வந்தப்பவே கணுக்கால்ல ஒன்னு பாத்தேன், சின்னதா, கொளுசுக்குக் கீழ. அன்னிக்கே எழுதி மடிச்சுட்டேன். அன்னிக்கு நீ கை நீட்டினப்ப, விபூதியும் இந்தச் சீட்டும், ரெண்டு பொட்டலமும் என் கையிலதான் இருந்துச்சு.